பி.பி. பார்த்தாயிற்று, தண்ணீரைப் பார்த்தீர்களா?

ரத்த அழுத்தம் 150/95 என்று வந்தால் மருத்துவர் என்னென்ன கேட்பார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். உப்பு எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா, தூக்கம் எப்படி, அப்பா அம்மாவுக்கு இருந்ததா. எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், அதைச் சோதித்ததுண்டா என்று யாரும் கேட்பதில்லை. சொந்தக் கிணற்றையோ போர்வெல்லையோ நம்பி வருடக்கணக்காகக் குடிக்கும் வீட்டில் அந்தக் கேள்வியும் வந்தே ஆக வேண்டும். அதற்குக் காரணம் ஆர்சனிக்.

ஆர்சனிக் என்றதும் கொலைக்கதைகளில் வரும் வெள்ளைப் பாஷாணம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஒரே வேளையில் ஆளைச் சாய்க்கிற அளவு வேறு. நிலத்தடி நீரில் கரைந்து வருவது மைக்ரோகிராம் கணக்கில்தான். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். இந்த அளவில் அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. ஆனால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை நாளுக்கு 3 லிட்டர் குடிப்பவர் உடலில் தினமும் 300 மைக்ரோகிராம் இறங்குகிறது. இது இருபது வருடம் நடந்தால் ரத்தக் குழாய்களில் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான வழிகாட்டு அளவை 1993-ல் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. அமெரிக்கா 2001-ல் அதே 10-ஐ அறிவித்து 2006-லிருந்து கட்டாயமாக்கியது. வங்கதேசத்தின் தேசிய அளவு 50. இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. 10 என்பது "இதற்குக் கீழே ஆபத்தே இல்லை" என்று வரைந்த கோடு அல்ல. அதற்கும் கீழே கொண்டுபோவது நடைமுறையில் கடினம் என்பதால் வைத்த தற்காலிக அளவு. ஆகவே 9 வந்தால் கொண்டாடவும் 11 வந்தால் நடுங்கவும் தேவையில்லை. குறையக் குறைய நல்லது என்று எடுத்துக்கொள்வதே சரி.

பக்கத்தில் தொழிற்சாலை எதுவும் இல்லையே, எங்கள் தண்ணீரில் எப்படி வரும் என்று கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் இது மனிதர் கலந்தது அல்ல, மண்ணிலேயே இருப்பது. கங்கை-பிரம்மபுத்திரா சமவெளி போன்ற ஆற்றுப்படுகைகளில் மணல் துகள்களின் மேல் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். அந்தத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் புதைந்த தாவரக் கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அடுத்து அந்தத் துருவைப் பயன்படுத்தத் தொடங்கும். இரும்பு கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அர்ஜென்டினா போன்ற வறண்ட பகுதிகளில் கதை வேறு. அங்கே காரத்தன்மை மிகுந்த நீர் அதைத் துகள்களிலிருந்து பெயர்க்கிறது. சுரங்கங்கள், வெந்நீர் ஊற்றுகள் உள்ள இடங்களிலும் வரும். ஆற்றுப்படுகை அடுக்குகள் சில மீட்டர் தூரத்திலேயே மாறிவிடுவதால், பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தம் என்பது உங்கள் கிணற்றுக்குச் சான்றாகாது. வங்கதேசத்தில் ஒவ்வொரு குழாய்க் கிணற்றையும் தனித்தனியாகச் சோதித்து, 50-ஐத் தாண்டியதற்குச் சிவப்பு, தாண்டாததற்குப் பச்சை என்று வண்ணம் அடித்தது இதனால்தான். ஒரே தெருவில் இரண்டு நிறமும் நின்றன.

தண்ணீரிலுள்ள ஆர்சனிக்குக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் தெளிவாகத் தெரிந்தது தைவானின் தென்மேற்குக் கடலோரத்தில். அங்கே ஆழ்கிணற்று நீரைக் குடித்த கிராமங்களில் கால்விரல்கள் கறுத்து அழுகும் "கரும்பாத நோய்" பரவியிருந்தது. ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது அது. அந்தக் கிராமங்களில் சென் சியென்-ஜென் குழுவினர் ஆய்ந்து 1995-ல் வெளியிட்ட முடிவு, ஆர்சனிக் எவ்வளவு காலம், எவ்வளவு செறிவில் உள்ளே போனதோ அதற்கேற்ப உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அதிகம் என்றது. 1999-ல் வங்கதேச ஆய்வொன்றும் அதே திசையைக் காட்டியது. சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரில் 1958 முதல் 1970 வரை குழாய்நீரில் ஏறக்குறைய 860 மைக்ரோகிராம் இருந்தது. சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் குறைந்தது. அந்தக் காலத்திலும் அதையொட்டிய வருடங்களிலும் மாரடைப்பு மரணங்கள் அங்கே கூடியிருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இவற்றுக்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு இருந்தது. ஒரே நாளில் தண்ணீரையும் பி.பி.யையும் அளந்து ஒப்பிட்டால் எது முந்தியது என்று எப்படிச் சொல்வது? வங்கதேசத்தின் அரைஹசாரில் 2000-ல் தொடங்கிய பெரிய ஆய்வு இதற்கு ஓரளவு விடை தந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கிணறுகளையும் சிறுநீரையும் சோதித்து, அவர்களுடைய ரத்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் அளந்தார்கள். 2015-ல் வெளிவந்த கணக்கின்படி, ஆர்சனிக் குறைந்த கால் பங்கினரோடு ஒப்பிட்டால் மற்றவர்களுக்கு மேல் அழுத்தம் (150/95-ல் முதல் எண்) ஆண்டுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல் வேகத்தில் ஏறியது.

அரை மில்லிமீட்டரா, அதை எந்தக் கருவியும் காட்டாதே என்று தோன்றும். ஒரு தனி ஆளின் ஒரு நாள் அளவில் அது தெரியாதுதான். அதே போக்கு பத்தாண்டு நீடித்தால் 5 மில்லிமீட்டர். மருந்தால் மேல் அழுத்தத்தை 5 மில்லிமீட்டர் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பெரிய சோதனைகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அரை மில்லிமீட்டரின் கனம் புரியும். அதுவும் ஒருவருக்கு மட்டும் அல்ல, ஒரே கிணற்றில் குடிக்கும் அத்தனை பேருக்கும்.

முன்பு வந்த ஆய்வுகளை 2012-ல் தொகுத்துப் பார்த்தபோது, அதிக ஆர்சனிக் உள்ளவர்களிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கான வாய்ப்பு விகிதம் சுமார் 1.27 மடங்கு என வந்தது. புகைபிடித்தலும் உப்பும் உடல் எடையும் செய்வதற்கு மாற்றாக இதைச் சொல்லக் கூடாது. அவற்றோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு காரணம் இது. இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கடலோர நிலத்தடி நீரில் உப்பும் ஏறியிருக்கும். உப்பு நீர் தன்னாலேயே பி.பி.யை ஏற்றும். ஆகவே கடலோரக் கிணறு என்றால் சோடியத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழும். அமெரிக்க இதய சங்கம் 2023-ல் ஈயம், காட்மியத்தோடு ஆர்சனிக்கையும் இதயநோய்க் காரணிகளாக எடுத்துக்கொண்டு ஓர் அறிக்கையே வெளியிட்டது. மருத்துவர் ஒருவரிடம் இதைப் பேசத் தயங்குபவர்கள் அந்த அறிக்கையைச் சொல்லலாம்.

உள்ளே என்ன நடக்கிறது? ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே ஓர் அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை இடைவிடாமல் சுரந்து, சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி வைக்கின்றன. குழாய் விரிந்து நிற்பது அதனால்தான். ஆர்சனிக் அந்தச் செல்களில் ஆக்சிஜன் கழிவுகளைப் பெருக்கி, சுரந்த நைட்ரிக் ஆக்சைடைச் செலவழித்துவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியையும் மந்தமாக்குகிறது. இன்னொரு பக்கம் குழாய்த் தசை சின்னத் தூண்டுதலுக்கே இறுகும் நிலைக்கு வருகிறது. சிறுநீரகமும் பாதிக்கப்பட்டால் அழுத்தம் இறங்க வழி இன்னும் குறைகிறது. இவற்றில் ஒன்றுமே வலிக்காது.

ஆர்சனிக்கின் அடையாளம் என்று பலரும் தோலைத்தான் பார்ப்பார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் சோளமணிபோல் தடிப்பு, மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்ததுபோல் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். அவை வர வருடங்கள் ஆகும், எல்லோருக்கும் வருவதும் இல்லை. தோல் சுத்தமாக இருக்கிறது, ஆகவே தண்ணீரும் சுத்தம் என்று முடிவு கட்டுவது ஆபத்தான தவறு. புள்ளி வரும்வரை காத்திருப்பது கூரை எரிவதைப் பார்த்துவிட்டுக் கிணறு வெட்டுவதுபோல.

சோதனைக்கு வருவோம். பணமும் நேரமும் வீணாவது இங்கேதான்.

வீட்டிலேயே சோதிக்க உதவும் கைக்கருவியின் (கிட்) அடிப்படை பழையது. தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, அமிலத்தூளும் துத்தநாகத்தூளும் போட்டால் ஹைட்ரஜன் பொங்கும். தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் அது ஆர்சைன் வாயுவாகி மேலே எழும். மூடியில் மாட்டிய மெர்குரிக் புரோமைடு காகிதத்தில் பட்டதும் மஞ்சள், பிறகு பழுப்பு. அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தண்ணீரில் அழுகிய முட்டை வாடை இருந்தால் அதிலுள்ள சல்ஃபைடும் காகிதத்தைக் கறைப்படுத்திப் பொய்க் கணக்குக் காட்டும். அதற்காகத்தான் கிட்டில் ஆக்சிஜனேற்றத் தூள் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கலக்கி, சொன்ன நேரம் காத்திருந்த பிறகே துத்தநாகம். இந்த வரிசை மாறினால் சோதனை வீண். காகிதம் நனைந்தாலும் வீண். வெயிலில் நின்று நிறம் பார்க்காதீர்கள், நிழலில் பாருங்கள், குறித்த நிமிடத்திலேயே பாருங்கள். எழும் வாயு நச்சு. மூடிய சமையலறையில் இதைச் செய்யக் கூடாது, திறந்த வெளியில்தான், பக்கத்தில் நெருப்பு இல்லாமல். காகிதத்தில் பாதரசம் உண்டு, கையால் தொடாதீர்கள், குழந்தைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

கைக்கருவி 5-ஐயும் 200-ஐயும் நன்றாகப் பிரித்துக் காட்டும். 10-க்கும் 50-க்கும் இடையில் அது தடுமாறும். கண் ஒரு மஞ்சளை இன்னொரு மஞ்சளிலிருந்து பிரிக்கும் வேலைதானே. ஆகவே நிறம் லேசாக வந்தாலும் ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி.

ஆய்வகத்துக்கு எடுக்கும் மாதிரியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. குழாயை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டு, பிறகு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்க வேண்டும். இது பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்தது. இரும்பு உள்ள தண்ணீரைத் தெளிவாகப் பிடித்து வைத்தாலும் காற்றுப் பட்டு சில மணி நேரத்தில் கலங்கி, மறுநாள் பாட்டிலின் அடியில் செம்மண்போல் ஒரு படிவு இறங்கியிருக்கும். ஆர்சனிக்கில் பெரும்பகுதி அந்தப் படிவோடு கீழே போயிருக்கும். ஆய்வகத்தில் மேலேயுள்ள தெளிந்த நீரை எடுத்துச் சோதித்தால் "குறைவு" என்று வரும். அந்தத் தாளை நம்பி இன்னும் பத்து வருடம் குடிப்பார்கள். இதைத் தவிர்க்க, பிடித்த உடனேயே நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்போது இரும்பு படியாது. அமிலம் இட்ட பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். நீங்களாக அமிலத்தைக் கையாள வேண்டாம். அந்தப் பாட்டிலைக் கழுவவும் கூடாது, வழிய வழிய நிரப்பவும் கூடாது, உள்ளே உள்ள அமிலம் போய்விடும்.

முடிவுத் தாளைப் படிப்பதிலும் இரண்டு இடம் வழுக்கும். ஒன்று அலகு. பல தாள்களில் மில்லிகிராம் கணக்கில் போடுவார்கள். 0.05 என்பது கண்ணுக்குச் சின்ன எண்; அது 50 மைக்ரோகிராம், வழிகாட்டு அளவின் ஐந்து மடங்கு. இரண்டாவது, "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்ற வாசகம். அந்த எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். எல்லை 1 அல்லது 2 என்றால் நிம்மதி. எல்லையே 20 என்றால் அந்த வாசகத்துக்கு ஒரு பொருளும் இல்லை.

அளவு கூடுதல் என்று வந்துவிட்டால் முதல் யோசனை வேறு நீராதாரமாக இருக்கட்டும். சோதித்த பக்கத்துக் கிணறு, சுத்திகரித்த குழாய்நீர், சரியாகச் சேமித்த மழைநீர், சில நிலப்பகுதிகளில் 150 மீட்டருக்கும் ஆழமான கிணறு. வடிகட்டி இரண்டாவது இடம்தான், ஏனென்றால் அது தினமும் பராமரிக்க வேண்டிய ஒன்று.

எவை உதவாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். காய்ச்சினால் ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் செறிவு கூடும். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், இதை ஒன்றும் செய்யாது. துணி, பீங்கான் உருளை, சாதாரணக் கரி வடிகட்டி எதையும் நம்பாதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த மீட்டர் மில்லிகிராம் கணக்கில் உப்பை அளக்கிறது. 100 மைக்ரோகிராம் என்பது 0.1 மில்லிகிராம், மீட்டரின் கடைசி இலக்கத்தைக்கூட அசைக்காது.

உதவுகிறவற்றைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வேதியியல் போதும். நீரில் ஆர்சனிக் இரண்டு வடிவில் இருக்கும். ஐந்து இணைதிறன் கொண்டது மின்சுமை உள்ளது; இரும்புத் துரு, அலுமினா போன்றவற்றில் சட்டென்று ஒட்டும், ஆர்.ஓ. சவ்வும் அதைத் தடுத்துவிடும். மூன்று இணைதிறன் கொண்டதற்குச் சாதாரணத் தண்ணீரில் மின்சுமை இல்லை. அதனால் சவ்வின் வழியே கணிசமாக நழுவும், துருவிலும் அவ்வளவாக ஒட்டாது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலிருந்து வரும் கிணற்று நீரில் இந்த இரண்டாவதுதான் அதிகம். "ஆர்.ஓ. போட்டும் ஆர்சனிக் குறையவில்லை" என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் இதுவே. குளோரின் போட்டு முதலில் அதை ஐந்து இணைதிறன் வடிவுக்கு மாற்ற வேண்டும். காற்றூட்டம் மட்டும் செய்தால் மாற்றம் மிக மெதுவாக நடக்கும். குளோரின் சவ்வைக் கெடுக்கும் என்பதால் நடுவில் கரி வடிகட்டி வேண்டும். வரிசை இதுதான்: குளோரின், வினைபுரிய நேரம், கரி, பிறகு சவ்வு.

ஆர்.ஓ. இயந்திரத்தில் இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சுவைக்காக "டி.டி.எஸ். கன்ட்ரோலர்" என்று ஒரு திருகு வைத்து, சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் சவ்வு வடித்த நீரோடு கலக்கிறார்கள். மூலநீரில் 150 மைக்ரோகிராம் இருந்து பத்தில் ஒரு பங்கு கலந்தால், சவ்வு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் குடிக்கும் நீரில் 15 வந்துவிடும். ஆர்சனிக் உள்ள இடத்தில் அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள். கழிவாக வெளியேறும் நீரில் செறிவு கூடுதல் என்பதால் அதைச் சமையலுக்கோ காய்கறிப் பாத்திக்கோ விடக் கூடாது.

இரும்பு அடிப்படையிலான உறிஞ்சிகள் வீட்டுக்கு நல்ல வழி. வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம் வடிவமைத்த சோனோ வடிகட்டி இரும்புக் கலவையையும் மணலையும் வைத்தே வேலை செய்தது; 2007-ல் அமெரிக்கப் பொறியியல் அகாதமியின் கிரெயிஞ்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. உங்கள் தண்ணீரிலேயே இரும்பு மிகுந்திருந்தால், ஆக்சிஜனேற்றம் செய்து படியவிட்டு மணலில் வடிகட்டும்போதே ஆர்சனிக்கும் ஓரளவு போகும். அதற்கு எடையில் இரும்பு ஆர்சனிக்கைப்போல் குறைந்தது 20 மடங்காவது இருக்க வேண்டும். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அதிகம் என்றால் அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்சனிக்கை வெளியே தள்ளும். அயனி மாற்றுப் பிசின் வைத்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: பிசின் நிறைந்துவிட்டால் நீரிலுள்ள சல்ஃபேட் அதுவரை சேர்ந்திருந்த ஆர்சனிக்கைப் பெயர்த்து ஒரேயடியாக வெளியே விடும். அந்த நேரத்தில் வடிகட்டிய நீர் கிணற்று நீரைவிட மோசமாக இருக்கும். தீர்ந்துபோன வடிகட்டியும் தெளிந்த நீரையே தருவதால், வெளியே வரும் நீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிப்பது தவிர வேறு வழி இல்லை. வடிகட்டியிலிருந்து எடுத்த பழைய உறிஞ்சிப் பொருளைக் கிணற்றருகே கொட்டாதீர்கள்.

குளிக்கவும் துணி துவைக்கவும் அதே தண்ணீர் போதும். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. சமையல் நீர் அப்படி அல்ல. அரிசி வேகும்போது பாத்திரத்து ஆர்சனிக்கையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சோறு வடிக்கவும் சுத்தமான நீரே வேண்டும். தாராளமாக நீர் விட்டுக் கஞ்சியை வடித்துவிடும் முறை அரிசியிலேயே உள்ள ஆர்சனிக்கையும் கணிசமாகக் குறைக்கும்.

இனி பி.பி. பக்கம். ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை இதய மட்டத்தில், சரியான அளவுப் பட்டையோடு, அரை மணி நேரத்துக்கு முன் காபியும் புகையும் இல்லாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்துச் சராசரி பாருங்கள். வீட்டில் சராசரி 135/85-ஐத் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். கிணற்றின் ஆய்வுத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் ஒருவருக்கு பி.பி. என்றால் அதே தண்ணீர் குடிக்கும் மற்றவர்களையும் அளந்துவிடுங்கள்.

தண்ணீரை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது. உடலுக்குள் போன ஆர்சனிக்கின் பெரும்பகுதி சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும், ஆனால் இறுகிப்போன குழாய் அந்த வேகத்தில் தளராது. சிறுநீர்ச் சோதனை செய்வதாக இருந்தால் அதற்கு முன் நான்கு நாள் மீனும் கடலுணவும் வேண்டாம். அவற்றில் உள்ள தீங்கற்ற ஆர்சனிக் வகை மொத்தக் கணக்கை ஏற்றிக் காட்டி வீண் பயம் தரும். உடல் இதை வெளியேற்ற ஃபோலேட் தேவைப்படுகிறது; வங்கதேசத்தில் ஃபோலேட் குறைந்தவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் 12 வாரம் கொடுத்ததில் ரத்தத்து ஆர்சனிக் சுமார் 14 சதவீதம் இறங்கியது. கீரையும் பருப்பும் சாப்பிடுவது நல்லதுதான், தண்ணீரை மாற்றாமல் அது மட்டும் போதாது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து கூட்டல் கணக்கில் அல்ல, அதற்கும் மேலே ஏறுகிறது. அரைஹசார் ஆய்வில் இதயநோய் மரணங்களில் ஆர்சனிக்கும் புகையும் ஒன்றையொன்று பெருக்கின.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் ஒன்று. தாய் குடிக்கும் நீரில் ஆர்சனிக் இருந்தாலும் தாய்ப்பாலில் இறங்குவது மிகக் குறைவு. பால் பவுடரை அதே கிணற்று நீரில் கரைத்தால் முழு அளவும் குழந்தைக்குப் போகும், அதுவும் எடைக்கு எடை பெரியவரைவிடப் பல மடங்காக. ஆய்வக முடிவு கைக்கு வரும்வரை அந்தப் பால் பாட்டிலுக்கு மட்டுமாவது சோதித்த தண்ணீரை எடுத்து வையுங்கள்.